ஈயப் பூச்சு முதல் நானோ பூச்சு வரை

 

நம் பாட்டிமார் காலத்துச் சமையற்கட்டைச் சற்றே எண்ணிப் பாருங்கள். நிக்காஹ் விருந்தோ, அகீகாவோ, எதுவாயினும் செம்புத் தேக்சாக்களில்தான் பிரியாணி வெந்தது. ஆண்டுக்கு ஓரிரு முறை ஈயம் பூசுபவர் தெருவுக்கு வருவார். மண்ணில் சிறு குழி தோண்டிக் கரி மூட்டி, துருத்தியால் ஊதிப் பாத்திரத்தைக் காய்ச்சுவார். நவச்சாரத் தூளைத் தூவுவார். வெண்புகை குப்பென்று எழும். வெள்ளீயத் துண்டை உள்ளே தேய்த்துப் பஞ்சால் ஒரு சுழற்றுச் சுழற்றுவார். சிவந்திருந்த செம்பின் உட்புறம் நொடியில் நிலவென வெளுத்துவிடும்.

அந்தப் பூச்சு அழகுக்காக மட்டும் பூசப்பட்டதன்று. தயிரும் எலுமிச்சையும் புளியும் செம்பைத் தீண்டினால் களிம்பு ஏறும். அது உணவில் கலந்தால் வாந்தியும் வயிற்றுக் கோளாறும் தொடரும். செம்புக்கும் சோற்றுக்கும் இடையே மெல்லியதொரு வெள்ளீயத் திரை நின்று ஒரு குடும்பத்தையே காத்தது. ஆனால் அதே பூச்சில் ஓர் ஆபத்தும் ஒளிந்திருந்தது. மலிவுக்காக வெள்ளீயத்தில் காரீயத்தைக் கலந்து பூசுவோரும் உண்டு. காரீயமோ குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு. காக்க வந்ததே கேடாக முடியும்.

ஆகவே, எந்தப் பூச்சைக் கண்டாலும் இரண்டு வினாக்களை நாம் எழுப்பியாக வேண்டும். பூசப்பட்ட பொருள் எது? அது உதிர்ந்தால் எங்கே போய்ச் சேரும்? இந்த இரு வினாக்களையும் மனத்தில் இருத்திக்கொண்டு இக்கட்டுரையைத் தொடர்ந்து படியுங்கள்.

ஒரு தாயின் ஐயம்

திருவான்மியூரில் எங்கள் மதரஸாவில் ஓதும் சிறுமி ஒருத்தியின் தாயார் அண்மையில் என்னிடம் ஓர் ஐயத்தைக் கேட்டார். "உஸ்தாத், வீட்டுக்குத் தண்ணீர் வடிகட்டி ஒன்று வாங்க இருக்கிறோம். அதற்குள் வெள்ளியின் நானோ துகள்களைப் பூசியிருப்பதாகச் சொல்கிறார்கள். வெள்ளிப் பாத்திரத்தில் பருகக் கூடாது என்று நீங்கள்தானே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறீர்கள்? அந்தத் தண்ணீரை நாங்கள் குடிக்கலாமா?"

எத்துணை நுட்பமான கேள்வி! வடிகட்டியின் விலையைக் கேட்பதற்கு முன் அதன் ஹலால், ஹராமைக் கேட்ட அந்தத் தாய்க்கு அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக. இந்தக் கேள்விக்கு விடை காண வேண்டுமானால் ஃபிக்ஹு நூல்கள் மட்டும் போதா; பூசப்பட்ட பொருளின் தன்மையையும் அறிந்தாக வேண்டும். நானோ கலைப் பாடம் படித்துப் பட்டம் பெற்றவன். எனினும் தேடிப் படித்து அறிந்துகொண்டதை, என்னைப் போன்ற மற்றவர்களுக்கும் விளங்கும் வண்ணம் இங்கே தருகிறேன்.

இரண்டே முக்கால் கிரவுண்டு மனை

நானோ மீட்டர் என்பது ஒரு மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கு. ஒரு மில்லி மீட்டருக்குள் பத்து லட்சம் நானோ மீட்டர்கள் அடங்கும். ஒரு பொருளை ஏறத்தாழ நூறு நானோ மீட்டருக்கும் குறைவான துகள்களாக்கினால் அவற்றை நானோ துகள்கள் என்பர்.

இவ்வளவு சிறிதாக்குவதால் என்ன பயன்? ஒரு கணக்கைப் பாருங்கள். ஒவ்வொரு பக்கமும் ஒரு சென்டிமீட்டர் உள்ள வெள்ளிக் கட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். எடை பத்தரை கிராம். அதன் ஆறு முகங்களின் மொத்தப் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். ஒரு தபால் தலையின் அளவு. அதே கட்டியைப் பத்து நானோ மீட்டர் பக்கமுள்ள துண்டுகளாக வெட்டுவதாகக் கொண்டால், எல்லாத் துண்டுகளின் பரப்பும் சேர்ந்து 600 சதுர மீட்டராகும். சென்னைக் கணக்கில் சொன்னால் இரண்டே முக்கால் கிரவுண்டு மனை! எடை கூடவில்லை, விலை கூடவில்லை, ஆனால் வேலை செய்யும் மேற்பரப்பு பத்து லட்சம் மடங்கு பெருகிவிட்டது.

அத்துகள்களை அப்படியே நீரில் விட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். அல்லது நீரோடு அடித்துச் செல்லப்படும். எனவே அலுமினா போன்ற ஒரு பொருளின் குறுணைகளின் மீது அவற்றைப் பூச்சாகப் படிய வைக்கின்றனர். "ஈயம் பூசினாற்போலவும் இருக்க வேண்டும், பூசாததுபோலவும் இருக்க வேண்டும்" என்று நாம் பரிகாசமாகச் சொல்வோமே, அது இங்கே மெய்யாகிவிட்டது.

அடையாற்றில் உருவான வடிகட்டி

இந்த அறிவைக் குடிநீருக்குப் பயன்படுத்திய முன்னோடிகளுள் ஒருவர் நமக்கு அயலில் இருப்பவரே. திருவான்மியூரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள சென்னை ஐ.ஐ.டி.யின் வேதியியல் பேராசிரியர் தலப்பில் பிரதீப் அவர்கள். 1963இல் கேரளத்தில் பிறந்து, 1993இல் இங்கே பணியில் சேர்ந்தவர்.

2003ஆம் ஆண்டை நினைவிருக்கிறதா? புட்டிகளில் விற்கும் குடிநீரிலும், பிறகு குளிர்பானங்களிலும் பூச்சிமருந்தின் எச்சங்கள் இருப்பதாக டில்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் அறிவிக்க, நாடே அதிர்ந்தது. அதே ஆண்டில்தான் பிரதீப் அவர்களின் குழு, கார்பன் டெட்ரா குளோரைடு போன்ற குளோரின் சேர்மங்களை வெள்ளி முதலான உலோகங்களின் நானோ துகள்கள் சாதாரண வெப்ப நிலையிலேயே சிதைத்துவிடுவதைக் கண்டு வெளியிட்டது. குளோரின் வெள்ளியோடு சேர்ந்துகொள்ள, எஞ்சுவது கரி. கட்டி வெள்ளி செய்யாத வேலையைத் துகள் வெள்ளி செய்தது.

அந்த வழியில் மேலும் சென்று, எண்டோசல்ஃபான், குளோர்பைரிஃபாஸ், மாலத்தியான் ஆகிய பூச்சிமருந்துகளை நீரிலிருந்து அகற்றும் முறையை அவர்கள் உருவாக்கினர். காசர்கோட்டின் முந்திரித் தோட்டங்களில் எண்டோசல்ஃபான் விளைத்த கொடுமையையும், 2011இல் உச்ச நீதிமன்றம் அதைத் தடை செய்ததையும் நீங்கள் அறிவீர்கள். நானோ வெள்ளி கொண்டு பூச்சிமருந்தை நீக்கும் வடிகட்டி 2007இல் யுரேகா ஃபோர்ப்ஸ் நிறுவனத்தின் வழியாகச் சந்தைக்கு வந்தது.

நிறமும் சுவையும் வாசனையும் மாறாத நஞ்சு

மதரஸாவில் உளூவின் பாடத்தைத் தொடங்கும்போது தண்ணீரின் பாடத்தையே முதலில் நடத்துவோம். குல்லத்தைன் அளவுள்ள நீரில் அசுத்தம் விழுந்து, அதன் நிறம், சுவை, வாசனை ஆகிய மூன்றில் ஒன்று மாறினால் அந்நீர் அசுத்தமாகும். பிள்ளைகள் இதை விரல் மடக்கி ஒப்பிப்பார்கள். இது தொழுகைக்கான தூய்மையின் சட்டம். உடலுக்குத் தீங்கற்ற நீர் எது என்பது வேறொரு கேள்வி. இரண்டையும் ஒன்றெனக் கருதுவோர் நம்மில் பலர்.

நம் சகோதர நாடான வங்காள தேசத்தைப் பாருங்கள். குளத்து நீரால் வயிற்றுப்போக்கு வந்து குழந்தைகள் மடிந்ததால், 1970களிலிருந்து அங்கே லட்சக்கணக்கான குழாய்க் கிணறுகள் போடப்பட்டன. பளிங்கு போன்ற நீர் வந்தது. நிறமில்லை, வாசனையில்லை, சுவையிலும் குறையில்லை. அந்நீரில் உளூச் செய்து தொழுதார்கள், அந்நீரையே குடித்தார்கள். ஆண்டுகள் கழித்துத்தான் உள்ளங்கையிலும் பாதத்திலும் தோல் தடித்தது, உடலில் கரும்புள்ளிகள் தோன்றின, புற்றுநோயும் தொடர்ந்தது. நிலத்தடிப் பாறைத் துகள்களிலிருந்து இயற்கையாகக் கசிந்த ஆர்செனிக் அந்நீரில் இருந்தது. 3 கோடியே 50 லட்சம் முதல் 7 கோடியே 70 லட்சம் மக்கள் வரை ஆபத்துக்கு ஆளானதாக, உலக சுகாதார நிறுவனத்தின் ஏட்டில் 2000ஆம் ஆண்டு வந்த கட்டுரை கணக்கிட்டது. ஆர்செனிக் நஜீஸ் அன்று, ஆனால் நஞ்சு!

நமது மேற்கு வங்கத்திலும் இதே துயரம் உண்டு. அங்கேதான் பிரதீப் அவர்கள் குழுவின் "அம்ரித்" என்னும் வடிகட்டிப் பொருள் கைகொடுத்தது. இரும்பின் நானோ துகள்களைக் கைட்டோசான் என்னும் பொருளோடு பிணைத்து இதைச் செய்கின்றனர். கைட்டோசான் இறால், நண்டு ஆகியவற்றின் ஓட்டிலிருந்து கிடைப்பது. ஆர்செனிக் அந்த இரும்பின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ள, லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் என்னும் உலக சுகாதார நிறுவனத்தின் வரம்புக்குள் நீர் வந்துவிடுகிறது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் இதனால் பயன்பெற்றுள்ளனர். இப்பணிக்காக 2022இல் சவூதி அரேபியாவின் இளவரசர் சுல்தான் பின் அப்துல் அஸீஸ் பன்னாட்டுத் தண்ணீர் விருது அவருக்குக் கிடைத்தது. 2020இல் இந்திய அரசு பத்மஸ்ரீ வழங்கியிருந்தது.

மார்க்கத்தின் பார்வையில் பூச்சு

இனி, அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். தங்கம், வெள்ளிப் பாத்திரங்களில் உண்பதையும் பருகுவதையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். இதில் ஐயமில்லை. ஆனால் வேறொரு பாத்திரத்தின் மீது வெள்ளி பூசப்பட்டிருந்தால்?

நம் இமாம்கள் இதையும் விட்டு வைக்கவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தமது மின்ஹாஜ் நூலில், பூச்சு இடப்பட்ட பாத்திரத்தைப் பயன்படுத்தலாம் என்பதே சரியான கருத்து என்கிறார்கள். விளக்கவுரையாளர்கள் அதற்கு ஓர் உரைகல்லும் தந்தார்கள். பாத்திரத்தை நெருப்பில் காட்டினால் வெள்ளி தனியே திரண்டு வருமா? வருமானால் தடை, எதுவும் கிடைக்காத அளவுக்கு மெல்லிய பூச்சானால் பயன்பாட்டுக்குத் தடையில்லை. பிரித்தெடுக்க முடியாத பூச்சைப் பொறுத்தவரை ஹனஃபீ மத்ஹபின் முடிவும் இதுவே. பூசுவது என்னும் செயலைப் பற்றித் தனிச் சட்டம் உண்டு. 

கவனித்தீர்களா? எது பூசப்பட்டது, அது பிரிந்து வருமா என்று அவர்களும் கேட்டிருக்கிறார்கள்! வடிகட்டியோ நாம் வாய் வைத்துப் பருகும் பாத்திரமே அன்று. அதன் உள்ளே மறைந்திருக்கும் குறுணைகளின் மேல் படிந்த வெள்ளியில் ஆடம்பரமும் இல்லை. நோய் தடுக்கும் கருவி அது. எனவே அந்நீரைப் பருகுவதில் தடை காண்பதற்கில்லை என்பது இச்சிறியவனின் விளக்கம். இறுதித் தீர்ப்புக்கு உங்கள் ஊர் ஆலிம்களை அணுகுங்கள்.

பிரிந்து வருவதன் அளவு என்ன? அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் ஏட்டில் 2013இல் இதே ஐ.ஐ.டி. குழு வெளியிட்ட ஆய்வில் விடை இருக்கிறது. அலுமினியச் சேர்மமும் கைட்டோசானும் சேர்ந்த கூட்டுக்குள் வெள்ளித் துகள்களைப் பொதிந்து, லிட்டருக்கு 0.04 மில்லிகிராம் அளவில் மட்டுமே வெள்ளி அயனிகள் வெளிவரும்படி அவர்கள் செய்தனர். கிருமிகளைக் கொல்ல அது போதும். உலக சுகாதார நிறுவனம் தீங்கில்லை என்று கொண்ட அளவு 0.1 மில்லிகிராம். ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு இரண்டரை டாலர் செலவில் தூய நீர் தர முடியும் என்றும் அவ்வாய்வு கணக்கிட்டது.

மிஹ்ராபில் மின்னும் பூச்சு

நானோ பூச்சு நமக்குப் புதிதன்று என்பதற்கு ஒரு சான்று சொல்வேன். ஒன்பதாம் நூற்றாண்டில், அப்பாஸியர் ஆட்சியில், இராக்கின் குயவர்கள் மண் பாத்திரத்தைப் பொன்னென மின்னச் செய்யும் கலையைக் கண்டார்கள். வெள்ளி, செம்பு உப்புகளைக் காவி மண்ணோடு குழைத்து மெருகின் மீது தீட்டி, புகை மூட்டமான சூளையில் மீண்டும் சுட்டார்கள். இன்றைய நுண்ணோக்கியில் பார்த்தால் அந்த மெருகுக்குள் வெள்ளியும் செம்பும் நானோ துகள்களாகப் படிந்திருக்கின்றன. துனீசியாவின் கைரவான் பெரிய பள்ளிவாசலின் மிஹ்ராபைச் சுற்றி அந்த ஓடுகள் இன்றும் ஒளிர்கின்றன.

தங்க, வெள்ளிப் பாத்திரங்களுக்குத் தடை இருந்ததால்தான் அவற்றின் பொலிவை மண்ணில் கொண்டுவர அக்கலைஞர்கள் முயன்றனர் என்று வரலாற்றாசிரியர் சிலர் கருதுகின்றனர். தடை, அறிவைத் தூண்டிற்று! அந்தப் பரம்பரையினரான நாம் இன்று "நானோ" என்ற சொல்லைக் கேட்டு மிரளலாமா?

மருத்துவத்திலும் மின்சாரத்திலும்

போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள் வெள்ளியால் மூக்குச் செய்து பொருத்திக்கொண்டார்கள். அதில் துர்நாற்றம் ஏற்படவே, தங்கத்தால் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். உடலுக்குள் வைக்கும் பொருளின் மேற்பரப்பு உடலோடு ஒத்துப்போக வேண்டும் என்பதே இன்றைய மருத்துவப் பூச்சுகளின் அடிப்படையும் ஆகும். செயற்கை இடுப்பு மூட்டின் மீது எலும்பின் தாதுவை ஒத்த கால்சியம் பாஸ்பேட்டைப் பூசுகிறார்கள். எலும்பு அதைத் தன்னினமாக ஏற்றுப் பற்றிக்கொள்கிறது. தீக்காயங்களுக்கு நானோ வெள்ளி பூசிய கட்டுத் துணி பயன்படுகிறது. 2020இல் வெளிவந்த ஃபைசர், மாடர்னா கொரோனாத் தடுப்பூசிகளில், எளிதில் சிதையும் மரபுச் செய்தியைச் சுமார் நூறு நானோ மீட்டர் அளவுள்ள கொழுப்புறைக்குள் பொதிந்தே உடலுக்குள் அனுப்பினார்கள்.

தூய மின்சாரத்தின் கதையும் பூச்சின் கதையே. மெருகிட்ட வெறும் சிலிக்கன் தன்மேல் விழும் ஒளியில் முப்பது விழுக்காட்டுக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். சுமார் 75 நானோ மீட்டர் தடிப்பில் சிலிக்கன் நைட்ரைடு பூசினால் அவ்விழப்பின் பெரும்பகுதி தடுக்கப்படும். மாடிகளில் நாம் காணும் சூரிய மின்தகடுகளின் நீல நிறம் அப்பூச்சின் நிறமே.

மின்சார ஆட்டோக்களிலும் ஸ்கூட்டர்களிலும் வரும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் மின்கலத்தைப் பாருங்கள். அப்பொருள் எளிதில் மின்சாரத்தைக் கடத்தாது. ஒவ்வொரு துகளுக்கும் மெல்லிய கரிப்பூச்சு கொடுத்த பின்னரே பயன்பாட்டுக்கு உகந்ததாயிற்று. ஐதராபாத்தின் ஏ.ஆர்.சி.ஐ. ஆய்வு மையம் இவ்வாறு கரி பூசிய பொருளைச் செய்யும் முறையை உருவாக்கியுள்ளது. அம்மையத்தின் மின்கல ஆய்வுப் பிரிவுகள் நம் பக்கத்துத் தரமணியில், ஐ.ஐ.டி. ஆராய்ச்சிப் பூங்காவில் இயங்குகின்றன. ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்கும் எரிபொருள் மின்கலங்களும் அங்கே ஆராயப்படுகின்றன. அவற்றிலும் விலையுயர்ந்த பிளாட்டினத்தைச் சில நானோ மீட்டர் துகள்களாக்கிக் கரியின் மீது படிய வைத்துச் சிக்கனம் செய்கிறார்கள்.

விழிப்பு வேண்டும்

இவ்வளவு நன்மைகள் இருப்பினும், "நானோ" என்ற சொல்லை ஒட்டியே சரக்கை விற்பவரும் பெருகிவிட்டனர். விற்பனையாளர் ஒருவர் நம் பகுதி வீடுகளில் செய்து காட்டிய வித்தையைச் சொல்கிறேன். குழாய் நீரில் இரும்புக் கம்பிகளை இட்டு மின்சாரம் பாய்ச்ச, நீர் பழுப்பாகிக் கசடு திரண்டதாம். "பாருங்கள், இத்தனை அழுக்கை நீங்கள் குடிக்கிறீர்கள்!" என்றாராம். அந்தப் பழுப்பு நீரிலிருந்து வந்ததன்று. கம்பியின் இரும்பே கரைந்து வந்தது. உப்பு நீக்கிய நீரில் மின்சாரம் எளிதில் பாயாததால் கம்பி கரையவில்லை, அவ்வளவே.

வேறு சிலர் "வெள்ளித் தண்ணீர்" என்று சர்வரோக நிவாரணி விற்கிறார்கள். வெள்ளியை மிகுதியாக உட்கொண்டால் தோல் நீலம் பாரித்துவிடும். அது திரும்ப மாறாது. ஆர்ஜிரியா என்பது அதன் பெயர். நாற்றம் போக்குமென்று நானோ வெள்ளி பூசிய காலுறைகள் துவைக்கும்போது வெள்ளியை இழப்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் 2008இல் காட்டினர். உதிர்ந்த வெள்ளி சாக்கடை வழியே நீர்நிலைகளைச் சேரும். அங்கே நல்ல கிருமிகளையும் கொல்லும்.

ஆகவே வடிகட்டி வாங்குமுன் இவற்றைச் சிந்தியுங்கள்:

1. நம் வீட்டு நீரின் குறை எது? உப்பா, கிருமியா, பூச்சிமருந்தா? ஆய்வகத்தில் சோதித்துப் பாருங்கள். கையடக்கமான டி.டி.எஸ். கருவி கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவைத்தான் காட்டும். ஆர்செனிக் இருப்பதைத் தனியே காட்டாது.

2. வெள்ளிப் பூச்சு உப்பை நீக்காது. திருவான்மியூர் முதல் முட்டுக்காடு வரை கடலோர மணலில் ஊறும் நன்னீரை அளவுக்கு மீறி இறைத்தால் கடல்நீர் உட்புகும். அந்த உவர்ப்பை ஆர்.ஓ. கருவியே போக்கும். ஆனால் வீட்டு ஆர்.ஓ. பெரும்பாலும், தரும் நீரைவிட அதிகமான நீரை வெளியே தள்ளும். அதை வாளியில் பிடித்துத் தரை கழுவப் பயன்படுத்துங்கள். வீண்விரயம் நமக்கு ஆகாது.

3. பூசிய பொருள் எது, எவ்வளவு நீருக்குப் பின் அதை மாற்ற வேண்டும் என்று எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். காலம் கடந்த வடிகட்டியில் கிருமிகளே குடியேறும்.

4. பழைய வடிகட்டியைக் குப்பையில் எறியாமல் விற்றவரிடமே திருப்பிக் கொடுக்க வழியுண்டா என்று கேளுங்கள்.

அருமை வாசகர்களே! உளூவின் நீரைப் பற்றி ஆயிரம் நுட்பங்களை ஆராய்ந்த சமுதாயம் நாம். அந்த நுட்பத்தைக் குடிநீரின்பாலும் திருப்புவோம். ஊருக்கொருவரேனும் மருத்துவம் கற்பது ஃபர்ளு கிஃபாயா என்று நம் இமாம்கள் சொன்னார்கள். நீரை ஆராய்ந்து நோய் வருமுன் காக்கும் கல்வியும் அதன் பக்கத்தில் வைத்து எண்ணத் தக்கதே. மகன் ஹாஃபிஸாகட்டும், மகள் வேதியியல் படிக்கட்டும், அல்லது மகள் ஆலிமாவாகி மகன் வேதியியல் படிக்கட்டும். ஐ.ஐ.டி.யின் வாசல் திருவான்மியூருக்கு வெகு தொலைவில் இல்லை.

எல்லாம் வல்ல அல்லாஹ், கண்ணுக்குத் தெரியும் தீங்கிலிருந்தும் தெரியாத தீங்கிலிருந்தும் நம்மையும் நம் மக்களையும் காத்து, பயனுள்ள கல்வியை நமக்கு வழங்குவானாக! ஆமீன்.